பயிற்சி ஆசிரியரை வளர்த்தெடுப்பது எப்படி? சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம், கற்பிக்கப் பழக வந்திருக்கும் ஒரு பயிற்சி ஆசிரியரை ஒப்படைத்தால் போதும், பார்த்துப் பார்த்தே அவர் தேறிவிடுவார் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுபவமுள்ள ஆசிரியர் வகுப்பில் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தொடக்கநிலை 3 வகுப்பில் ஓர் ஆசிரியர் கதை சொல்லிக்கொண்டே நடந்துபோய், கடைசி வரிசையில் ஒரு மாணவனின் மேசையருகே நின்று கதையைத் தொடர்கிறார். பின்னால் அமர்ந்திருக்கும் பயிற்சி ஆசிரியர் பார்ப்பது அந்த நடையை மட்டுமே. அந்த மாணவன் புத்தகத்தை மூடிவிட்டதை ஆசிரியர் கவனித்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் முறைத்துக்கொள்வான் என்று கணித்தது, பக்கத்தில் நின்றாலே போதும் என்று முடிவெடுத்தது, இவை எதுவும் அவருக்குத் தெரியாது.

அந்த முடிவுகளை வாய்விட்டுச் சொல்வதுதான் வழிகாட்டும் ஆசிரியரின் முதல் வேலை. அது கற்பித்தலிலிருந்து வேறான ஒரு திறன், பழகித்தான் வரும். முதன்முறையாக ஒரு பயிற்சி ஆசிரியரை ஏற்கப்போகும் தமிழாசிரியர்களை மனத்தில் வைத்து, வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு என்ன பொறுப்பு

சிங்கப்பூரில் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1973இல் அது கல்விக் கழகமானது. 1991இல் உடற்கல்விக் கல்லூரியும் சேர்ந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகத் தேசியக் கல்விக் கழகம் உருவானது. தமிழாசிரியர்களுக்கான பயிற்சியும் அங்கேதான், தமிழ்மொழி பண்பாட்டுப் பிரிவில் நடக்கிறது. 2009இல் கழகம் வெளியிட்ட 21ஆம் நூற்றாண்டுக்கான ஆசிரியர் கல்வி மாதிரி, கழகமும் கல்வி அமைச்சும் பள்ளிகளும் சேர்ந்து ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்பதை வெளிப்படையாக வலியுறுத்தியது. பயிற்சிக் காலத்தில் பள்ளி வெறும் இடம் தரும் அமைப்பாக இருந்துவிடக் கூடாது என்பதே அதன் பொருள்.

பள்ளியளவில் இந்தக் கூட்டு மூன்று பேரின் கையில் இருக்கிறது. பள்ளி முழுவதுக்குமான ஒருங்கிணைப்பு வழிகாட்டி ஒருவர்; வகுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழிகாட்டி ஆசிரியர், அதாவது நீங்கள்; கழகத்திலிருந்து வரும் மேற்பார்வையாளர். நான்காண்டுப் பட்டப்படிப்பில் பள்ளிப் பயிற்சி மொத்தம் 22 வாரங்கள் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இருந்துவருகிறது: பள்ளி அனுபவம் 2 வாரம், உதவி ஆசிரியராக 5 வாரம், முதல் கற்பித்தல் பயிற்சி 5 வாரம், இரண்டாவது 10 வாரம். பட்டம் பெற்றபின் ஆசிரியர் பட்டயப் படிப்புக்கு வரும் மாணவர்களுக்கு வேறு கால அளவு. உங்களிடம் வருபவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைக் கழகம் அனுப்பும் கையேட்டில் முதலில் பாருங்கள். உதவி ஆசிரியராக வருபவர் முக்கியமாகக் கவனிக்கவும் துணைநிற்கவும் வருகிறார். கடைசிக் கட்டத்தில் இருப்பவர் வகுப்பைத் தாமே தாங்கப் பழக வேண்டியவர். இருவரையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒருவர் திணறுவார், மற்றவர் வளராமல் நின்றுவிடுவார்.

படி 1: அவர் வருவதற்கு முன்பே கால அட்டவணையைத் திறந்து வையுங்கள்

முதலில் வகுப்புகளைத் தேர்ந்தெடுங்கள். அடங்காத வகுப்பை மட்டும் கொடுப்பது தவறு. எல்லாரும் ஆர்வமாகப் பேசும் வகுப்பை மட்டும் கொடுப்பதும் தவறு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் அதிகமுள்ள ஒரு வகுப்பும், ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் அதிகமுள்ள ஒரு வகுப்பும் அமைந்தால் நல்லது. இன்றைய சிங்கப்பூரில் தமிழாசிரியர் இரண்டு விதமான பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்; பயிற்சியிலேயே இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, வாரத்தில் ஒரு மணி நேரத்தை உங்கள் இருவருக்குமென்று அட்டவணையில் எழுதி வையுங்கள். இதைத் துறைத் தலைவரிடமும் ஒருங்கிணைப்பு வழிகாட்டியிடமும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். 'நேரம் கிடைக்கும்போது பேசிக்கொள்ளலாம்' என்று விட்டால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. பதிலாசிரியர் பொறுப்பு வரும், கூட்டம் வரும், பெற்றோர் அழைப்பு வரும். வழிகாட்டும் ஆசிரியரின் நேரத்தை ஒதுக்காத பள்ளி, கூட்டுப் பொறுப்பு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, கழக மேற்பார்வையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பருவத்தில் இவர் என்னென்ன படித்திருக்கிறார்? கற்பித்தல் முறைப் பாடத்தில் வாசிப்பைப் பற்றிப் படித்திருந்து எழுத்துப் பயிற்சியைத் தொடாமல் இருந்தால், முதல் வாரத்திலேயே கட்டுரைப் பாடத்தை அவர் கையில் கொடுப்பது முறையாகாது.

படி 2: முதல் வாரத்தில் வேடிக்கை பார்க்க விடாதீர்கள்

சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆசிரியப் பணிக்கு வருபவர்கள், பள்ளி மாணவர்களாக ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டே வருகிறார்கள். ஆனால் பார்த்ததெல்லாம் மாணவரின் இருக்கையிலிருந்து. வகுப்பின் பின்னால் வெறுமனே உட்காரவைத்தால் அதே பார்வைதான் நீடிக்கும்.

ஆகவே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு பார்வைக் கேள்வியைக் கொடுங்கள். இன்று, நான் யாரிடம் கேள்வி கேட்கிறேன், யாரிடம் கேட்கவே இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளை, ஒரு நடவடிக்கையிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பிள்ளைகள் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள், அதைக் குறைக்க நான் என்ன செய்கிறேன் என்று. மறுநாள், ஒரு குறிப்பிட்ட மாணவியை மட்டும் முழுப் பாடநேரமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் கொண்டுவரும் குறிப்பு பெரும்பாலும் உங்களுக்கே புதிதாக இருக்கும்.

பாடத்திற்கு முன் இரண்டு நிமிடம், பின் ஐந்து நிமிடம் உங்கள் மனத்தில் ஓடியதைச் சொல்லுங்கள். 'பயிற்சித் தாளின் இரண்டாம் பகுதியை விட்டுவிட்டேன், ஏனென்றால் முதல் பகுதியிலேயே வேற்றுமை உருபு பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை' என்பது போல. காரணத்தோடு சொன்னால் அது பாடம். காரணம் இல்லாமல் சொன்னால் வெறும் பழக்கம்.

படி 3: பாடத்திட்டத்தைச் சேர்ந்து எழுதுங்கள்

கழகத்திலிருந்து வருபவர்கள் ஒவ்வொரு வகுப்புக்குமான பாடத்திட்டம் எழுத நன்றாகவே பழகியிருப்பார்கள். பீடிகை (பாடத்தின் தொடக்கம்), நடவடிக்கைகள், முடிவு, பயிற்றுத்துணைக் கருவிகள் என்று பல பக்கம் நீளும். அதில் உங்கள் கண் முதலில் போகவேண்டிய இடம் நோக்கம். 'மாணவர்கள் ஒளிக்காட்சியை (வீடியோவை)ப் பற்றிப் பேசுவர்' என்று தொடக்கநிலை 5 வாய்மொழிப் பாடத்திற்கு எழுதியிருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். எத்தனை பேர் பேசுவார்கள், எதைப் பேசினால் போதும், எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து அதை இப்படி மாற்றலாம்: 'ஒளிக்காட்சியில் கண்ட இரண்டு செயல்களைக் கூறி, ஒன்றைப் பற்றித் தம் கருத்தைக் காரணத்துடன் மூன்று அல்லது நான்கு வாக்கியங்களில் ஒவ்வொரு மாணவரும் இணையரிடம் பேசுவார்.' நோக்கம் இப்படி மாறியதும் பாடத்தின் மீதிப் பகுதியும் தானாக மாறத் தொடங்கும். ஆசிரியர் பேசும் நேரம் குறையும், இணைப்பணி வரும், வாக்கியத் தொடக்கங்கள் பலகைக்கு வரும்.

அடுத்து, மொழி. இது தமிழ் வகுப்புக்கே உரிய விஷயம். மற்றப் பாடத்து வழிகாட்டிகளிடமிருந்து நமக்கு இதில் உதவி கிடைக்காது. கல்வி அமைச்சு அமைத்த தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மறுஆய்வுக் குழுவின் 2005 பரிந்துரைகளுக்குப் பின் வகுப்பறையில் தரமான பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் கிடைத்தது. பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே பயன்படுத்தக்கூடிய தமிழ் அதுதான். ஆனால் பயிற்சி ஆசிரியர் பதற்றத்தில் இருக்கும்போது 'நீங்கள் இப்பொழுது உங்கள் இணையருடன் கலந்துரையாடுங்கள்' என்று எழுத்துத் தமிழிலேயே பேசுவார்; பிள்ளைகள் பாதி புரிந்து பாதி புரியாமல் விழிப்பார்கள். உடனே அவர் ஆங்கிலத்துக்குத் தாவுவார். இந்தத் தாவல் ஒரு வாரம் தொடர்ந்தால், இந்த ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் பேசினாலே போதும் என்று வகுப்பு முடிவு செய்துவிடும்.

எனவே பாடத்திட்டத்தின் ஓரத்தில் முக்கியமான கட்டளைகளைப் பேச்சுத் தமிழில் அப்படியே எழுதவைத்து, வகுப்புக்கு முன் வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டும். 'பக்கத்துல இருக்கிறவங்கக்கிட்ட பேசுங்க. ரெண்டு நிமிஷம். முதல்ல யார் பேசப் போறீங்க? கை தூக்குங்க.' பெரியவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த பயிற்சி ஆசிரியருக்கு இந்த ஒத்திகை பெரிய துணை. எந்த இடத்தில் பேச்சுத் தமிழ், எந்த இடத்தில் எழுத்துத் தமிழ், எந்தச் சொல்லுக்கு மட்டும் ஆங்கிலம் என்று முன்கூட்டியே முடிவெடுத்தால் வகுப்பில் தடுமாற்றம் குறையும். ல, ள, ழ உச்சரிப்பில் அவருக்குச் சிக்கல் இருந்தால் தனியாக, நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் உச்சரிப்பதைத்தான் பிள்ளைகள் உச்சரிப்பார்கள். இதில் தயவுதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

படி 4: வகுப்பைப் பகுதி பகுதியாகக் கைமாற்றுங்கள்

முதலில் பீடிகை மட்டும் அவருடையது. பிறகு ஒரு குழு நடவடிக்கை. பிறகு, பாடத்தை நீங்கள் தொடங்கி அவர் முடிப்பது. அதன்பின் முழுப் பாடம், நீங்கள் வகுப்பிலேயே இருக்க. கடைசியில், நீங்கள் பேசாமல் ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் முழு வாரம்.

வகுப்பு அவர் கையில் இருக்கும்போது குறுக்கிடாதீர்கள். பிள்ளைகள் சத்தம் போடும்போது உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுந்து நின்று ஒரு பார்வை பார்த்தால் வகுப்பு அடங்கிவிடும். அதே நொடியில் அவருடைய அதிகாரமும் போய்விடும். ஒரு பிள்ளைக்கு ஆபத்து அல்லது அவமானம் நேரும்போது மட்டும் உடனே தலையிடுங்கள். இலக்கணப் பிழை, தவறான விளக்கம் போன்றவற்றுக்குச் சிறு துண்டுத்தாள் போதும்; அவரே திருத்திக்கொள்ளட்டும். இந்த ஏற்பாட்டை முதல் வாரத்திலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை அல்ல

பாடத்தைக் கவனிக்கும்போது தாளின் இடப்பக்கம் நேரம், நடுவில் ஆசிரியர் சொன்னதும் செய்ததும், வலப்பக்கம் பிள்ளைகள் சொன்னதும் செய்ததும். 'கேள்வி கேட்கும் திறன் குறைவு' என்பது உங்கள் தீர்ப்பு. '10.12: பாட்டி ஏன் அழுதார்? ஒரு விநாடி. ஆசிரியரே பதில் சொன்னார்' என்பது சான்று. தீர்ப்பைக் கேட்டால் மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். சான்றைக் கேட்டால் யோசிக்கும்.

அந்த ஒரு விநாடிக்குப் பின்னால் பெரிய ஆய்வே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அது மூன்று விநாடிக்கு மேல் நீண்டபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. மனத்துக்குள் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு மாற்றிப் பேசும் பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் அதிகம் தேவை என்பது என் கருத்து.

படி 6: பாடத்திற்குப் பின் நடக்கும் உரையாடல்

மொத்தப் பயிற்சியிலும் பயன் அதிகம் இங்கேதான். அன்றே பேசுங்கள். ஆசிரியர் அறையில் பத்துப் பேர் காதில் விழும்படி வேண்டாம். காலியான வகுப்பறையோ நூலகத்தின் மூலையோ போதும். அவரை முதலில் பேசவிடுங்கள். ஒரு நல்ல உரையாடல் இப்படிப் போகும்:

"பிள்ளைங்க எந்த இடத்துல நல்லா பேசினாங்க?"

"ஜோடியா பேசச் சொன்னப்பதான் டீச்சர். அப்பத்தான் கொஞ்சம் சத்தம் வந்துச்சு."

"முழு வகுப்பையும் பார்த்துக் கேட்டப்ப?"

"அதே மூணு பேர்தான் கை தூக்கினாங்க."

"நான் எழுதினதைப் பாருங்க. நீங்க கேட்ட கேள்வி, அதுக்கப்புறம் யார் பேசினாங்கன்னு இருக்கு."

"எல்லாத்துக்கும் நானே பதில் சொல்லியிருக்கேன். தெரியவே இல்ல டீச்சர்."

"சரி, நாளைக்கு எந்த ஒரு கேள்விக்கு நீங்க காத்திருக்கப் போறீங்க?"

இதில் வழிகாட்டி ஆசிரியர் குறை எதையும் சொல்லவில்லை. குறிப்பைக் காட்டினார், கண்டுபிடித்தவர் பயிற்சி ஆசிரியர். கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். 'இனிமேல் காத்திருங்க' என்ற பொதுவான அறிவுரையாக அது வரவில்லை. நாளை, ஒரு கேள்வி என்று சுருங்கியது. நாளைய வகுப்பில் நீங்கள் கவனிக்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான்.

ஒரு பாடத்திற்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு விஷயம். பன்னிரண்டு குறிப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவர் மனத்தில் நிற்பது 'நான் சரியில்லை' என்ற ஒன்று மட்டுமே.

நம்மவர்களிடம் இன்னொன்றும் உண்டு. மூத்தவரிடம் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பயிற்சி ஆசிரியர்கள் பலர். நீங்கள் என்ன சொன்னாலும் 'சரிங்க டீச்சர்' என்பார்கள். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நான் சொன்னதுல உங்களுக்கு ஒத்துவராதது எது?' என்று வெளிப்படையாகவே கேளுங்கள். முதல் இரண்டு வாரம் பதில் வராது, தொடர்ந்து கேளுங்கள். கழகத்தில் அண்மையில் படித்த ஒன்றை அவர் துணிந்து சொல்லும் நாள் வரும். அன்று அதை உங்கள் வகுப்பில் செய்து பார்க்க அனுமதியுங்கள். கூட்டுறவு இருபக்கமும் ஓடுவது அப்போதுதான்.

படி 7: மேற்பார்வையாளர் வரும்போது

பயிற்சி ஆசிரியரை அதிகம் குழப்புவது, பள்ளி ஒன்று சொல்ல, கழகம் வேறொன்று சொல்வதுதான். மேற்பார்வையாளர் முதல்முறை வரும்முன் உங்கள் குறிப்புகளின் சாரத்தை அவருக்கு அனுப்புங்கள். பாடம் முடிந்ததும் மூவரும் சேர்ந்து பேசுங்கள். கருத்து வேறுபட்டால் இளையவர் முன்னிலையில் மோதிக்கொள்ளாமல், அவர் இல்லாதபோது இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பேச்சுக்குப் பொதுவான சொற்கள் தேவையென்றால் கல்வி அமைச்சின் சிங்கப்பூர்க் கற்பித்தல் நடைமுறை கைகொடுக்கும். வகுப்பறைச் சூழல், பாடத் தயாரிப்பு, பாடம் நடத்துதல், மதிப்பீடும் பின்னூட்டமும் என்ற நான்கு பகுதிகளும் அவற்றின்கீழ் 24 கூறுகளும் அதில் உள்ளன.

ஒருங்கிணைப்பு வழிகாட்டி தமிழ் அறியாதவராக இருக்கக்கூடும். அவர் வகுப்புக்கு வந்தால் ஒழுங்கையும் நடவடிக்கைகளையும் பார்ப்பார். பேசப்பட்ட மொழியின் தரம் அவருக்குப் புலப்படாது. பாடத்தின் நோக்கத்தையும் பிள்ளைகள் சொன்ன இரண்டு மூன்று பதில்களையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சத்தமில்லாத வகுப்பு நல்ல வகுப்பாகவும், பிள்ளைகள் ஆர்வமாகத் தமிழ் பேசிய வகுப்பு குழப்பமான வகுப்பாகவும் பதிவாகிவிடும்.

வளர்ப்பதும் மதிப்பெண் போடுவதும் ஒரே ஆளின் பொறுப்பாக இருப்பது இந்த ஏற்பாட்டின் கடினமான பகுதி. அன்றாடப் பேச்சு ஒருபுறம், மதிப்பீட்டுப் பேச்சு மறுபுறம் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எது எது என்று பயிற்சி ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் தேறமாட்டார் என்ற ஐயம் எழுந்தால் கடைசி வாரம்வரை பொறுக்காதீர்கள். பாதிக் காலம் முடிவதற்குள், எழுத்தில், சான்றுகளோடு, என்ன மாறினால் தேறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றே மேற்பார்வையாளருக்கும் தெரிவியுங்கள். இரக்கப்பட்டு மௌனமாக இருப்பது அவருக்கும், நாளை அவரிடம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி.

படி 8: ஒரு பள்ளிக்குள் முடித்துவிடாதீர்கள்

பல பள்ளிகளில் தமிழாசிரியர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரே ஒருவரின் பாணியை மட்டும் பார்த்துப் பழகுவது பயிற்சி ஆசிரியருக்கு நல்லதல்ல. பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரிடம் பேசி ஒரு நாள் அங்கே அனுப்புங்கள். தமிழாசிரியர்களின் பணித்திறன் மேம்பாட்டுக்கும் உதவும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பகிர்வோ பயிலரங்கோ நடந்தால் அழைத்துச் செல்லுங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் பொறுப்பைக் கொடுக்கலாம். மேடை அலங்காரத்தைவிட மாணவரைப் பேச்சுக்குத் தயார்செய்யும் வேலை பயன் தரும்.

வகுப்புக்கு வெளியே உள்ளவற்றில், பெற்றோருடன் பேசுவதை மட்டும் கண்டிப்பாகக் காட்டுங்கள். 'வீட்ல நாங்க தமிழ் பேசுறதில்ல, எப்படி உதவுறது?' என்று ஒரு தாய் கேட்கும்போது நீங்கள் தரும் பதிலை அவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். புத்தகம் திருத்துவது, மாணவர் கற்றல் தளத்தில் பாடம் ஏற்றுவது போன்றவற்றை அவரே வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

படி 9: முடிக்கும் வாரம்

வகுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முன், ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: இந்தப் பிள்ளையால் இப்போது என்ன முடிகிறது, அடுத்து என்ன வேண்டும். அவர் பிள்ளைகளை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பதை எந்த மதிப்பீட்டுப் படிவத்தையும்விட அது தெளிவாகக் காட்டும். அடுத்த தவணைக்கு உங்களுக்கும் பயன்படும்.

நீங்கள் கழகத்துக்கு அரைப்பக்கம் எழுதுங்கள். வந்தவர் எதில் நன்றாகத் தயாராகி வந்தார், எது இல்லாமல் வந்தார் என்று. பேச்சுத் தமிழில் கட்டளை கொடுக்கப் பழகாமல் வந்தார் என்றால் அதையே எழுதுங்கள். அடுத்த அணியினருக்குப் பாடம் நடத்தப்போகும் விரிவுரையாளருக்கு வகுப்பறையிலிருந்து கிடைக்கும் தகவல் அது. பல பள்ளிகள் இதைச் செய்வதில்லை. செய்தால் மாற்றம் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியைத் துறைத் தலைவரிடமும் கொடுத்துவையுங்கள். உங்கள் பள்ளியில் அடுத்துப் பயிற்சி ஆசிரியரை ஏற்பவர் அதிலிருந்து தொடங்கலாம்.